அன்னக்கூடத்துக் கல்வெட்டு

சேதுவுக்கு நடந்து போகும் யாத்ரீகர்களுக்காக இருநூறு வருஷத்துக்கு முன்பு துறவி ஒருவர் கட்டிய மடம் அது. அபிராமத்துக்குத் தெற்கே இருக்கிறது. மிளகாய்க் காட்டில் கூலி வேலை செய்யும் அமுதவள்ளி, பதினெட்டு வருஷமாக அந்த மடத்தைக் கூட்டிக் கழுவியும் வந்தாள்.

அந்தத் துறவியின் குருபூஜை அன்று ஊரார் அன்னக்கூடத்தில் சாப்பிடுவார்கள். அமுதவள்ளியின் தெருக்காரர்களுக்கு மட்டும் கொல்லைப்புறத்தில் இலை விழும். பத்து வருஷத்துக்கு முன்பு சேதுலட்சுமி என்ற கல்லூரி ஆசிரியை, கூடத்துச் சுவரிலிருந்த கல்வெட்டை வாசித்துச் சொன்னார்: "பசித்து வந்தவர் எக்குலத்தாரானாலும் இந்தக் கூடத்திலே இருத்தி அன்னம் இடுவது."

அடுத்த குருபூஜைக்கு அமுதவள்ளி உள்ளே போய் உட்கார்ந்தாள். எழுப்ப வந்தவர்களிடம் சுவரைக் காட்டினாள். துறவியின் சொல் என்பதால் அவளுக்கும் அங்கேயே இலை போட்டார்கள். அன்று முதல் அவள் தெருவுக்கும் உள்ளேதான் சாப்பாடு.

போன வைகாசியில் திருப்பணி நடந்தது. ஒருநாள் மதியம் காட்டிலிருந்து வந்தவள் கூடத்தில் நின்றுவிட்டாள். மிஷின் வைத்து மணலைப் பீய்ச்சி அடித்ததில் கல் வழவழவென்றிருந்தது. ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை.

"எழுத்து எங்கய்யா?" என்றாள் மடத்துச் செயலாளர் தர்மராஜிடம்.

"பழைய அழுக்கும்மா. சுத்தம் பண்ணச் சொன்னேன்."

"தினம் தொடைக்கிற எனக்குத் தெரியாதா எது அழுக்குன்னு? ஒங்க தாத்தா பேரு வெட்டுன தூணு இங்கன கருப்படிச்சுப் போயி நிக்கிதே, அதுல ஏன் மிஷின் படல?"

"கூட்டுற வேலைய மட்டும் பாரு."

"நீங்களே கூட்டிக்கங்க!" அவள் வீசிய விளக்குமாறு அவர் காலடியில் விழுந்தது.

தாலுகா ஆபீஸில் மனு கொடுத்தாள். வந்த அதிகாரி கல்லைத் தடவிப் பார்த்து, எழுதிக்கொண்டு போனார். சேதுலட்சுமி, அன்று கல்வெட்டை எடுத்திருந்த போட்டோவை அனுப்பினார். "போட்டோவெல்லாம் கல்வெட்டாகுமா?" என்று அதைப் பார்த்துவிட்டு தர்மராஜ் சிரித்தார்.

இந்த வருஷக் குருபூஜைக்கு மறுபடியும் கொல்லையில் இலை போட்டார்கள். அமுதவள்ளி நாற்பது பேரோடு கூடத்துக்குள் நுழைந்தாள்.

"யாரக் கேட்டு உள்ள வந்த?" என்றார் தர்மராஜ்.

"யாரக் கேக்கணும்? போடுங்க எலைய."

வெகுநேரம் கழித்துத்தான் இலை வந்தது. சோறும் சாம்பாரும் மட்டும். பாயசம் தீர்ந்துவிட்டது என்றார்கள். அமுதவள்ளி கடைசிப் பருக்கை வரை தின்றுவிட்டுத்தான் எழுந்தாள்.