ஆர் ஒன் பட்டனில் கெட்டிமேளம்

தாட்சாயணிக்கு ஊர் ஆந்திராவில், நகரிக்குப் பக்கத்தில். இன்டர், அதாவது பன்னிரண்டாவது, முடித்ததும் புத்தூரில் ஒரு இன்டர்நெட் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். ஹால் டிக்கெட் பிரின்ட் எடுப்பாள், ஆள் வராத மத்தியானங்களில் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக் கார் ஓட்டுவாள். நாலு வருஷத்தில் எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது, சென்டரை மூடினார்கள். காயலான் கடைக்காரர் கம்ப்யூட்டர்களைத் தூக்கி வண்டியில் போட்டார். ஜாய்ஸ்டிக்குகள் எடைக்கு ஆகாது என்று ஒதுக்கி வைத்தார். தாட்சாயணி அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

பட்டனை அமுக்கினால் கார் போவதற்குப் பதில் சத்தம் வரவைக்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தாள். அண்ணன் பெங்களூர் போகும்போது விட்டுப்போன லேப்டாப் வீட்டில் இருந்தது. இலவசமாகக் கிடைத்த ஒரு சாஃப்ட்வேரை அதில் ஏற்றினாள். கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர்கள் முன்னால் போனை நீட்டிப் பதிவு செய்து வந்து, துண்டு துண்டாக வெட்டினாள். முக்கோணத்தை அமுக்கினால் தவில். வட்டத்துக்குத் தாளம். இடது குச்சியை முன்னால் தள்ளினால் நாதஸ்வரம் மெதுவாக ஏறும். ஆள்காட்டி விரலுக்கு எட்டுகிற ஆர் ஒன் பட்டனில் எல்லாவற்றையும் சேர்த்துக் கெட்டிமேளம் வைத்தாள்.

அவள் நைனா கன்னையா மாங்கூழ் பேக்டரியில் மூட்டை இறக்குகிறவர். ஆறு மாதம் பொறுத்தார். "பொம்மைய வெச்சிக்கினு எத்தினி நாளு ஒக்காந்திருப்ப?" என்று கேட்டுவிட்டு, தெரிந்தவரைப் பிடித்து ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை வாங்கி வந்தார். திங்கட்கிழமை சேர வேண்டும்.

அந்த வாரம் புத்தூர் ஆர்கெஸ்ட்ரா தாமோதரனிடம் ரிதம் பேட் வாசித்துக்கொண்டிருந்தவர் சென்னைக்குக் கார் ஓட்டப் போய்விட்டார். அதைக் கேள்விப்பட்டுத் தாட்சாயணி ஜாய்ஸ்டிக்கோடு போய் நின்றாள். தாமோதரன் அவள் வாசிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கண்ணைத் திறந்து கையைப் பார்த்தபோது முகம் கொஞ்சம் வாடியது.

"ஞாயித்துக்கெழமை திருச்சானூர்ல ஒரு கல்யாணம். நல்லா போச்சின்னா நீ நம்ம செட்டு. இல்லன்னா பேசாம கம்பெனிக்குப் போய்டு."

"சரிண்ணா."

மாப்பிள்ளை வீடு சத்தியவேடு பக்கத்துத் தமிழர்கள். பெண் வீடு காளஹஸ்தித் தெலுங்கர்கள். ஆர்கெஸ்ட்ராவுக்கு வேலை முகூர்த்தம் முடிந்த பிறகுதான். ஆனால் அன்றைக்குத் திருச்சானூரில் மண்டபத்துக்கு மண்டபம் கல்யாணம். மேளக்காரர்கள் இரண்டு இடத்துக்கு ஒப்புக்கொண்டு முதல் இடத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். பெண்ணின் அம்மா வெங்கடம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"மேளம் எங்க பொண்ணு மெஷின்லயே கீதும்மா," என்றார் தாமோதரன்.

தாட்சாயணியை மணமேடைக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரோடு உட்கார வைத்தார்கள். அவள் குச்சியை மெல்லத் தள்ளினாள். நாதஸ்வரம் வந்தது. முன்வரிசைக்காரர்கள் நாதஸ்வரக்காரரைத் தேடினார்கள். ஒருவர் மட்டும் எழுந்து வந்து அவள் கையைக் குனிந்து பார்த்தார்.

"எந்த லெவல்லமா கீற?"

"பொண்ண கூட்டினு வந்துட்டாங்க. அடுத்தது தாலி."

மணமேடையில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவே ஒரு துணியைப் பிடித்திருந்தார்கள். இருவர் கையிலும் வெற்றிலையில் சீரகமும் வெல்லமும் அரைத்து வைத்திருந்தது. புரோகிதர் பந்துலு மந்திரம் சொல்லிக்கொண்டே கையை உயர்த்தினார். "வாயிஞ்சண்டி, வாயிஞ்சண்டி!" என்று பெண் வீட்டார் வாசிக்கச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். தாட்சாயணி தாலியைத் தேடினாள். அது தட்டில் தேங்காய்மேல் இருந்தது, யாரும் தொடவில்லை. அவசரப்படுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மெதுவான நாதஸ்வரத்தையே ஓட்டினாள்.

பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவர் தலையில் ஒருவர் சீரக வெல்லத்தை வைத்தார்கள். அந்த நேரத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் அப்பாவு தும்மினார். பொடி போடுகிறவர். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

வெங்கடம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "முகூர்த்தத்துல தும்மிட்டாரே."

"எது முகூர்த்தம்?" என்றார் அப்பாவு, துண்டால் மூக்கைத் துடைத்தபடி. "தாலி தட்டுல கீது. தாலி கட்டும்போது தும்மினாத்தான தப்பு?"

"எங்களுக்கு ஜீலகர்ரா பெல்லம், அந்தச் சீரக வெல்லந்தான் முகூர்த்தம். தாலி அப்புறம்."

"எங்களுக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

இரண்டு பக்கமும் எழுந்து நின்றது. தாமோதரன் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார். கெட்டிமேளம் எதற்கென்று தாட்சாயணிக்குத் தெரியும். ஒரு தும்மல் வெளியே கேட்கக் கூடாது, அதற்குத்தான். கேட்டுவிட்டது.

பந்துலு வாட்சைப் பார்த்தார். லக்கினத்தில் இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கிறது, இன்னொரு தரம் வைக்கலாம் என்றார். பிறகு தாட்சாயணி பக்கம் திரும்பினார்.

"அம்மாயி, நீ பொண்ணப் பாக்காத, தாலியப் பாக்காத. என் கையப் பாரு."

அதன்பிறகு அவள் வேறெதையும் பார்க்கவில்லை. கை உயர்ந்தது, ஆர் ஒன். மண்டபத்துக் கண்ணாடி அதிர்ந்தது. சீரக வெல்லத்துக்கு ஒன்று, தாலிக்கு ஒன்று. நடுவில் பந்துலு கற்பூரம் கேட்டுக் கை தூக்கினார், அதற்கும் கெட்டிமேளம். ஈ ஓட்டினார், அதற்கும். யாரும் குறை சொல்லவில்லை. அப்பாவு இன்னும் இரண்டு தரம் தும்மியதாக அவரே பிற்பாடு சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குக்கூடக் கேட்கவில்லையாம்.

பந்தி நடக்கும்போது தாமோதரன் வந்தார்.

"எத்தினி தெலுங்குக் கல்யாணத்துக்குப் போயிருப்ப?"

"அம்பது இருக்கும்ணா."

"அப்புறம் எப்படித் தெரியாம போச்சி?"

தாட்சாயணி யோசித்தாள். "எப்பவும் பந்தி நேரத்துக்குத்தான்ணா போவோம்."

தாமோதரனும் அப்படித்தான் போகிறவர். "ஒயர நீயே சுத்தி வெச்சிடு," என்றார். "வியாழக்கெழமை புத்தூர்ல கல்யாணம். பந்துலு உன்னத்தான் கூட்டினு வரச் சொன்னாரு. நம்ம செட்டுதான் நீ. கம்பெனி உன் இஷ்டம்."

அவள் மண்டப வாசலுக்குப் போய் நைனாவுக்குப் போன் செய்தாள்.

"நாளைக்குக் கம்பெனிக்குப் போகல நைனா."

"அங்க இன்னா வேல குடுத்தாங்க?"

"மேளம்."

"மேளக்காரங்க?"

"வரல."

அந்தப் பக்கம் லாரி ஒன்று பின்னால் வரும் சத்தம் கேட்டது. கன்னையா யாரிடமோ நிறுத்தச் சொன்னார்.

"துன்னியா?"

"இன்னும் இல்ல."

"போய்த் துன்னு. கம்பெனிக்காரங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்."