கை நின்றது, பாட்டும் நின்றது

மூளைத் தூண்டல் ஆராய்ச்சிக்கு வந்த புதிதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதை இறக்கி வைத்தவர் பாளையங்கோட்டை ஜேக்கப் சார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், சர்ச் கொயரில் கனத்த குரல். பார்க்கின்சன் நடுக்கத்துக்காக அவர் மூளைக்குள் எலக்ட்ரோடு வைத்து, நெஞ்சுத் தோலுக்கு அடியில் பேட்டரி பதித்திருந்தோம். கரண்டை எவ்வளவு வைப்பது என்று பார்த்துச் சரிசெய்யும் புரோகிராமிங் என் வேலை.

முதல் நாள் கரண்டைப் பையப் பைய ஏற்றினேன். கை அப்படியே நின்றது. தண்ணீர் டம்ளரைச் சிந்தாமல் தூக்கிக் காட்டினார். மகன் சாம் கண் கலங்கிவிட்டான். நான் மனதுக்குள் எனக்கே மாலை போட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் சார் ஒரு தாளை நீட்டினார். சிவப்பு மையில் எழுதியிருந்தது: "கை: நூறு. பாட்டு: சைபர். குறைத்து வைக்கவும்."

வாயைத் திறந்தால் சொல் குழறியது. பேச்சுக்கான நரம்புப் பாதைக்கும் கரண்ட் கசிந்திருந்தது. இரண்டு வாரத்தில் அசனப் பண்டிகை. சபையோர் எல்லாரும் கூடி உண்பதற்கு முன் கொயர் பாட வேண்டும். எழுத்துச் சோதனை, டம்ளர் சோதனை எல்லாம் செய்த நான், அந்த மனிதரை ஒரு வரி பாடச் சொல்லவில்லை. தெருவுக்கு ஒரு சர்ச், வீட்டுக்கு ஒரு கொயர்க்காரர் என்றிருக்கும் பாளையங்கோட்டையில் வேலை பார்த்துக்கொண்டு இப்படி ஒரு தப்பு!

சாம் குறுக்கே வந்தான். "குறைக்காதீங்க டாக்டரம்மா. அசனத்துல எல்லாரும் அப்பா கையத்தான் பாக்குதாவ. எனக்குத் தாங்கல."

சார் குழறிக்கொண்டே கேட்டார்: "ஏலே, யாரு கைலே அது?"

நோயாளியின் விருப்பமே முதலில் என்று நெறிமுறைக் குழுவில் பக்கம் பக்கமாகப் பேசியவள் நான். அன்றைக்குத்தான் அதற்குப் பரீட்சை. சாமுக்கும் பாசம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் மூளை சாருடையது.

இரண்டு செட்டிங் போட்டேன், கைக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று. மாற்றும் ரிமோட்டுக்குச் சாம் கை நீட்டினான். நான் சாரிடம் கொடுத்தேன்.

அங்கேயே பாட்டுக்கு மாற்றினார். கை ஆடத் தொடங்கியது. குரல் எழும்பியதே ஒரு எழும்பல்! வெளியே டோக்கனோடு காத்திருந்த ஒரு அம்மா கூடவே ஆல்ட்டோ குரலில் சேர்ந்துகொண்டார், பின்னாலிருந்து யாரோ டெனர் குரலில். எனக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்றே தெரியவில்லை.

சாம் அப்பாவின் கையைப் பார்த்தான். அப்புறம் முகத்தைப் பார்த்தான். "பாடட்டும், டாக்டரம்மா" என்றான்.

பாட்டின் அடுத்த அடியை எடுக்கும் முன் சார் மகன் பக்கம் திரும்பினார். "ஒங்கிட்ட யாருலே கேட்டா?"

இப்போது யார் வந்தாலும், மெஷினைத் தொடும் முன் ஒன்று கேட்கிறேன்: "எதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டீங்க?" வீட்டார் பதில் சொல்ல முந்துவார்கள். நான் நோயாளியின் வாயைப் பார்த்தபடி காத்திருப்பேன்.