எலும்பு மில்லும் பெண் பார்த்த படலமும்

திருவேற்காட்டில் கூவம் கரைப் பூங்காவில் தோட்டக்காரர் ரோஜாச் செடிகளுக்கென்று எலும்புத்தூள் மூட்டையைப் பிரித்ததும், நடக்க வந்தவர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட, அத்தை மட்டும் நின்று நிதானமாக மூச்சை இழுத்தாள். "நம்ம மில்லு வாசனைடா!"

என் சிறுவயதில் அந்தப் பூங்கா ஓர் எலும்பு மில். எலும்பு வேகும் பாய்லரைத் திறந்தால் சோறு, தலையணை, பாடப்புத்தகம் எல்லாவற்றிலும் அதே நாற்றம். காற்றென்றாலே அப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் நம்பியிருந்தோம். ஆனால் தெருவில் யாரைப் பெண் பார்க்க வந்தாலும் முதல் வெற்றிலை பாக்கு, பிள்ளையாரைத் தாண்டிப் பாய்லர்காரருக்குத்தான் போகும்: "அண்ணாத்தே, அவங்க பஜ்ஜி துன்னுட்டு கெளம்புற வரைக்கும் தொறக்காதே."

அத்தையைப் பார்க்க வந்தவர்கள், "நல்ல காத்தோட்டமான ஊடு" என்று மெச்சித் தட்டு மாற்றினார்கள். கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வந்த மாமா, விடிந்தும் விடியாமல் பனியனோடு தெருவுக்கு ஓடிவந்து, "இன்னா செத்துக் கெடக்குது இங்க?" என்று அலறினார்.

இன்று பூங்காவில், அத்தைக்காகத் திரும்பி வந்த அதே மாமா கர்ச்சீப்புக்குள்ளிருந்து முனகினார்: "அன்னிக்கு அந்த ஆளு தொறந்து வுட்டிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்."

அத்தை இன்னொரு முறை ஆழமாக மூச்சை இழுத்தாள்.

"நானுந்தான்."