மதினியின் டூரிஸ்ட் டிக்கெட்

போன மாதம் வரை என் கைப்பையின் உள் ஜிப்பில் ஒரு பழைய ரயில் டிக்கெட் இருந்தது. மும்பை லோக்கல் ரயிலில் மூன்று நாட்கள் எங்கு வேண்டுமானாலும் ஏறலாம், எங்கு வேண்டுமானாலும் இறங்கலாம் என்று, ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்கிற டூரிஸ்ட் டிக்கெட். மை மங்கி, மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெளுத்துப்போய், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் சயான் என்ற ஸ்டேஷன் பெயராவது தெரியும். எத்தனையோ கைப்பைகள் வார் அறுந்து போயின. புதுப் பை வாங்கும்போதெல்லாம் வீட்டுச் சாவியை மாற்றிய கையோடு இதையும் மாற்றி வைத்தேன். ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரி ஒருநாள் என் பையில் பேனா தேடியவள், "யே கச்ரா காய்க்கு ரக்கா ஹை?" (இந்தக் குப்பையை எதுக்கு வச்சிருக்க) என்று அதைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடப் போனாள். நான் பிடுங்கிய வேகத்தில் அவள் பயந்தே போனாள். ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன். அது என் மதினியின் டிக்கெட்.

மதினி என்றால் என் ஒரே அண்ணனின் மனைவி. அண்ணனும் நானும் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பிறந்து, அப்பா அம்மாவோடு தாராவிக்கு வந்தவர்கள். வந்தபோது எனக்கு விவரம் தெரியாத வயசு, அண்ணனுக்கு மீசை அரும்பிவிட்டது. அதனால் ஊர் என்று ஒன்று அவன் நெஞ்சில் தங்கிவிட்டது, எனக்குத் தங்கவில்லை. மதினி கதையே வேறு. அவள் பிறந்ததே தாராவியில். அவள் அப்பா தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். பக்கத்திலிருந்த சயான் ஆஸ்பத்திரியில் பிறந்து, தாராவித் தமிழ்ப் பள்ளியில் நாலெழுத்துப் படித்து, அடுத்த சந்திலிருந்து எங்கள் சந்துக்கு வாழ வந்தவள். கல்யாணமான மறுமாதமே இருவரும் இட்லி வியாபாரத்தில் இறங்கிவிட்டார்கள். மத்தியானம் மாவாட்டு, விடியுமுன் அவிப்பு, விடிந்ததும் அண்ணன் சைக்கிளில் அலுமினியப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு சயான், மாட்டுங்கா பக்கம் புறப்படுவான். மதினி பாத்திரம் கழுவி, தண்ணீர் பிடித்து, கொஞ்ச நேரம் கண்ணயர்ந்து எழுந்தால் மறுபடியும் அரிசி ஊறியிருக்கும். இப்படியே தலை நரைத்துவிட்டது. பம்பாயில் பிறந்த மனுஷி, பம்பாய்க் கடலைப் பார்த்தது எத்தனை முறை என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வாள்.

அண்ணன் திருநெல்வேலிப் பக்கத்துச் சொந்த ஊரில் வீடு கட்டினான். ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு வருஷம் சுவர், ஒரு வருஷம் கூரை என்று. முழங்கால் தேய்ந்து சைக்கிள் மிதிக்க முடியாமல் போன வருஷம் வீடு முடிந்தது. எங்கள் சந்தும் இடிபடப் போகிறது, எல்லோரும் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று பேச்சு. "இனி என்னத்துக்கு இங்க கெடக்கணும்? ஊருக்குப் போயிருவோம்" என்றான். நான் குடியிருக்கும் செம்பூரிலிருந்து அன்று பார்க்கப் போயிருந்தேன். மதினி அடுப்புப் பக்கம் திரும்பி, "சரி" என்று ஒரே வார்த்தை சொன்னாள். பிள்ளைகள் கிடையாது, மறுப்புச் சொல்ல வேறு ஆளும் கிடையாது. அவளுடைய ஊர் எது என்று அந்த அறையில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, ஆனால் புருஷன் பெண்சாதிக்கு நடுவில் நாத்தனார் மூக்கை நுழைத்தால் அது வேறு மாதிரி ஆகிவிடும். அதற்குப் பதிலாக, மதினியைக் கூட்டிக்கொண்டு பம்பாயைச் சுற்ற ஆபீஸுக்கு மூன்று நாள் லீவு போட்டேன்.

தினமும் ரயிலேறுகிற எனக்கு டூரிஸ்ட் டிக்கெட் என்ற அறிவிப்பு பழகிய ஒன்று. கண்டிருக்கிறேன், கடந்து போயிருக்கிறேன். அன்று சயான் ஸ்டேஷன் ஜன்னலில் இரண்டு டிக்கெட் கேட்டேன். உள்ளே இருந்தவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். மதினி எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய தலை, பின் குத்திய நைலக்ஸ் புடவை, கையில் புளிசாத டப்பா இருந்த ஒயர் கூடை. "கஹான் ஸே ஆயே?" என்று எங்கிருந்து வருகிறோம் எனக் கேட்டார். நான் வாய் திறக்குமுன் மதினி பளிச்சென்று, "தாராவி ஸே" என்றாள். தாராவி அந்த ஜன்னலிலிருந்து கூப்பிடு தூரம். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, தாராவியிலிருந்து டூரிஸ்ட்டா என்று கேட்டார். மதினியும் சிரித்தாள். சிரித்தபடியே ஹிந்தியில், "போகப் போறேன் சாப், ஒரேயடியா" என்றாள். அவர் இரண்டு டிக்கெட்டையும் நீட்டினார். மதினி தன்னுடையதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஜாக்கெட்டுக்குள் வைத்தாள்.

கூட்டம் ஓய்ந்த முற்பகல் நேரம். லேடீஸ் டப்பா, பெண்கள் ஏறுகிற பெட்டி, கிட்டத்தட்ட காலி. நான் ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, காற்று வருகிறது வாருங்கள் என்று கூப்பிட்டேன். மதினி வந்தாள். வந்து, பெஞ்சின் மறுநுனியில், பாதி உடம்பு பெஞ்சிலும் பாதி உடம்பு நடைபாதையிலுமாகத் தொற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். பம்பாய்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூன்று பேர் உட்காருகிற பெஞ்சில் நாலாவது ஆள் ஒருவர் எப்போதும் உண்டு. நிற்கிறவர் முழங்காலைத் தட்டினால் மூன்று பேரும் நெருக்கி விரற்கடை இடம் கொடுப்பார்கள், அதில் ஒரு தொடையை மட்டும் வைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி போக வேண்டியதுதான். அதுதான் நாலாவது சீட். மதினி ரயிலேறிய சில தடவைகளிலும் கூட்டத்தில் ஏறியவள். அவளுக்குக் கிடைத்ததெல்லாம் அந்த நாலாவது சீட்தான். ரயிலில் உட்காருவது என்றாலே அது என்று உடம்பு படித்துவிட்டிருந்தது. "மதினி, நல்லா உள்ள தள்ளி இரிங்க, பெஞ்சே காலியாத்தான கெடக்கு" என்றேன். "இருக்கட்டும்ட்டி. ஆராவது வந்தா?" என்றாள். கேலி செய்து கேலி செய்து ஒருவழியாக உள்ளே இழுத்தேன். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் மறுபடியும் நுனிக்குப் போய்விட்டாள்.

முதல் நாள் கடைசி ஸ்டேஷனான வி.டி.யில் இறங்கி, பஸ்ஸில் கண்டக்டரிடம் நாள் முழுக்கச் செல்லும் பாஸ் வாங்கிக்கொண்டு, கோட்டைப் பகுதியில் இருக்கும் பெரிய மியூசியத்துக்குப் போனோம். மதினி செருப்பை வாசலில் கழற்றிவிட்டாள். கோபுரம் போலக் குவிமாடம் இருந்ததால் கோயில் என்று கால் நினைத்துவிட்டது. காவலாளி பெண் வந்து போட்டுக்கொள்ளச் சொன்ன பிறகும், உள்ளே கற்சிலைகளைப் பார்த்ததும் மறுபடி கழற்றிக் கூடையில் வைத்துக்கொண்டாள். ஒரு உடைந்த அம்மன் சிலை முன்னால் வெகுநேரம் நின்று, "பூசை இல்லாம நிக்காளே" என்று வருத்தப்பட்டாள். மாடிக்கு வரவில்லை. வெளியே கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். அங்கேயும் சுவர் எவ்வளவோ நீளமாகக் கிடக்க, ஒடுங்கித்தான் உட்கார்ந்தாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும், "இவ்ளோ பக்கத்துலயா இருந்துச்சி" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் பைகுலாவில், விலங்குகள் தோட்டத்தை ஒட்டிய மியூசியம். அங்கே கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இந்த நகரத்து மனிதர்களைச் சின்னச் சின்னக் களிமண் பொம்மைகளாகச் செய்து வைத்திருக்கிறார்கள். தலைப்பாகைகள், புடவைக் கட்டுகள், தொழில்கள். மதினிக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். கடைசிப் பெட்டி வந்ததும் திரும்பி முதலிலிருந்து ஆரம்பித்தாள். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். "நம்மாளு ஒருத்தரும் இல்லியே. இட்லிப்பானையும் கையுமா ஒரு பொம்ம வச்சிருந்தா கொறஞ்சா போவும்?" என்றாள், நான்தான் அதைத் திருடிவிட்டேன் என்பது மாதிரி. பிறகு பம்பாய் ஏழு தீவாக இருந்த காலத்துப் படம் ஒன்றைக் காட்டினேன். தாராவி எங்கே என்று கேட்டாள். சயானை வைத்து உத்தேசமாக ஓரிடத்தைக் காட்டினேன். அங்கே படத்தில் சேறும் தண்ணீரும்தான். அவள் கண்ணாடிமேல் விரலை வைத்து, எடுக்காமல் நின்றாள். "பாத்தியா, ஒண்ணுமே இல்ல. எங்கப்பா மாதிரி ஆளுவதான மண்ணள்ளிப் போட்டு ஊராக்குனாவ" என்றாள். குரலில் பெருமையும் அழுகையும் சேர்ந்து இருந்தது. வேறொருவர் படம் பார்க்க வந்து நின்றார். அவள் விரலை எடுத்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டாள்.

மூன்றாம் நாள் எங்கே போவது என்று நான் திட்டம் வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. "மியூசியமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். டிக்கெட்டு இருக்க மட்டும் ரயில்ல போவோம்" என்றாள். வி.டி.யில் பன்வேல் வண்டி ஏறினோம். வடாலா, குர்லா, செம்பூர் என்று போய், மான்குர்த் தாண்டி வண்டி கழிமுகப் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் தண்ணீர், சதுப்பு மரங்கள், தூரத்தில் கட்டடங்கள். டப்பாவில் எங்களைத் தவிர ஒரு பழக்காரி மட்டும் தரையில் தூங்கிக்கொண்டிருந்தாள். மதினி வழக்கம்போல நுனியில், கம்பியைப் பிடித்தபடி இருந்தாள். பாலத்தின் நடுவில், என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "எனக்குப் போவ மனசே இல்லட்டி."

அண்ணனிடம் நான் பேசுகிறேன், என் வீட்டுப் பக்கம் ஒரு அறை பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். அவள் சட்டென்று என் வாயைப் பொத்தினாள். மாவு வாடை அடிக்கும் கை. "அவியட்ட சொல்லிராத. எந்த வயசுலேர்ந்து அந்த வீட்ட நெனச்சிட்டுக் கெடக்காவ. நான் இப்படிச் சொன்னேன்னு தெரிஞ்சா அந்த வீட்டுல ஒருநா நிம்மதியா ஒறங்க மாட்டாவ. என் தலையில அடிச்சி சத்தியம் பண்ணு" என்றாள். எண்ணெய்த் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். பன்வேல் போய், இறங்காமல் அதே வண்டியில் திரும்பினோம். மறுபடியும் போனோம். இருட்டியதும் அவள் டிக்கெட்டை எடுத்து, "இத நீ வச்சிக்க. அங்க இத வச்சி என்ன செய்ய" என்று என் கையில் கொடுத்தாள்.

அவர்கள் ஊருக்குப் போனார்கள். போனில் பேசும்போதெல்லாம் அண்ணன் வீட்டைப் பற்றிச் சொல்வான். மதினி நல்லா இருக்கோம் என்பாள், பிறகு எங்கள் சந்தில் யார் எங்கே போனார்கள், பன்வேல் வண்டியில் இப்போதும் மத்தியானம் கூட்டம் இல்லையா என்று கேட்பாள். இரண்டாவது மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. யாரோ ஒரு பம்பாய்க்காரி என்றுதான் அந்தத் தெருப் பெண்கள் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டு எனக்கு ஒரு பக்கம் ஆத்திரம், ஒரு பக்கம் நிறைவு. கடைசியில் யாரோ ஒருவராவது அவள் ஊரைச் சரியாகச் சொன்னார்களே.

அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடிவிட்டன, போன மாதம்தான் அண்ணன் என்னைப் பார்க்க வந்தான். ஆள் பாதியாகிவிட்டான். இரண்டு நாள் செம்பூர் வீட்டில் டிவியைப் பார்த்தபடி இருந்துவிட்டு, மூன்றாம் நாள் காலையில், "அவளுக்கு எடுத்துக் குடுத்தியே ஒரு டிக்கெட்டு, அத எனக்கும் எடுத்துத் தா" என்றான். எடுத்தேன். எங்கே போகலாம் என்றதற்கு, அவள் எங்கே போனாளோ அங்கே என்றான். பன்வேல் வண்டியில், காலியாக இருந்த பொது டப்பாவில், நான் ஜன்னலோரமும் அவன் என்னை ஒட்டியும் உட்கார்ந்தோம். மான்குர்த் தாண்டியதும் கேட்டான்: "அவ ஒன்ட்ட ஏதாவது சொன்னாளா ஏட்டி? ஊருக்குப் போறதப் பத்தி?"

பாலத்தில் வண்டி ஏறிக்கொண்டிருந்தது. என் உள்ளங்கையில் அந்த எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருந்தது. "இல்லண்ணே" என்றேன்.

அவன் தலையாட்டினான். "முன்னறையில நீளமா ஒரு சோபா வாங்கிப் போட்டேன். அவ சொகமா காலை நீட்டிப் படுக்கட்டும்னுதான் வாங்கினேன். ஒருநாளும் சரியா இருந்ததில்ல ஏட்டி. ஓரத்துல, விழுந்துருவா போல, ஒரு கையால சோபாவப் புடிச்சிக்கிட்டுத்தான் இருப்பா. உள்ள தள்ளி இரி, இங்க யாரு வரப்போறான்னு கத்துவேன். ஆராவது வருவாவன்னு சொல்லுவா." அவன் முழங்காலைத் தடவிக்கொண்டான். "அந்தத் தெருவுல யாருளா வருவா? ஒருத்தரும் வரல."

நான் பையைத் திறந்து அந்தப் பழைய டிக்கெட்டை எடுத்து அவன் கையில் வைத்தேன். அதில் படிக்க ஒன்றும் மிச்சமில்லை. அவனும் படிக்க முயலவில்லை. எழுந்தான், தேய்ந்த முழங்காலோடு பெஞ்சின் மறுநுனிக்குப் போய், ஒரு தொடையை மட்டும் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எங்கள் இருவருக்கும் நடுவில் பெஞ்ச் காலியாகக் கிடந்தது. உள்ளே வா என்று நான் கூப்பிடவில்லை. பன்வேல் வரும்வரை அவன் அப்படியேதான் இருந்தான். இறங்கும்போது டிக்கெட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். நானும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.