தோளுக்கினியானும் பத்து லிட்டர் டப்பாவும்

போன வியாழக்கிழமை ஆபீசில் பெரிய அதிகாரி ஒருவர் என் முதுகுப் பக்கமாக வந்து, "என்னய்யா, சௌக்கியமா?" என்று அன்பாகத் தோளைத் தட்டினார். நான், "ஐயோ... அம்மா!" என்று அலறிவிட்டேன். டைப் மெஷினில் இருந்த கடிதத்தின் கடைசி வரியில் என்னென்னவோ எழுத்துகள் விழுந்தன.

அதிகாரி பயந்துபோனார்.

"என்ன, கட்டியா?"

"இல்லை சார்... பெருமாள்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார். அன்று முழுவதும் அந்தப் பக்கம் வரவில்லை.

அவரிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்லலாம். நமக்குள் என்ன ஒளிவுமறைவு? விஷயம் இதுதான் - நான் மூன்று மாதமாக எடை தூக்கிக்கொண்டிருக்கிறேன்.

சிரிக்காதீர்கள். கல்பாக்கத்தில் டைப்பிஸ்ட் வேலை, புதுப்பட்டினத்தில் வீடு, வயது முப்பத்தாறு. இதுவரை என் உடம்பில் உழைத்த பாகம் பத்து விரல்கள் மட்டுமே. கனமாக நான் எதையாவது தூக்கினேன் என்றால் அது ரேஷன் பை. அதையும் பாதி வழியில் என் மனைவி கமலா வாங்கிக்கொள்வாள்.

இப்படிப்பட்டவன் எடை தூக்கக் கிளம்பியதற்கு யார் காரணம்? என் மாமனார் ஊர்ப் பெருமாள்தான்.

மாசி மகத்தன்று அவர் கடலாட வருவார். வருவார் என்றால் - தூக்கிக்கொண்டு வரவேண்டும். அவர் ஏறிவரும் வாகனத்துக்குத் தோளுக்கினியான் என்று பெயர். அந்தப் பெயரை வைத்த மகானுபாவர் அதைத் தூக்கியிருக்க மாட்டார் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். சவுக்குத் தோப்பு முடிகிற இடத்திலிருந்து அலை வரைக்கும், வாகனத்தைத் தூக்கும் வலது தண்டின் முன்பக்கம் இரண்டு தோள்கள் என் மாமனார் வீட்டு முறை. முப்பது வருஷம் அவரே தூக்கினார். முழங்கால் போய்விட்டது. பிள்ளைகள் கிடையாது, இரண்டு பெண்கள். அதனால் ஒரு தோள் அவருடைய தம்பிக்கு, இன்னொன்று மூத்த மாப்பிள்ளையான எனக்கு.

போன வருஷம் என்ன ஆயிற்று தெரியுமோ? இறுகிய தரை முடிந்து பொதபொத மணல் ஆரம்பிக்கும் இடத்தில் என் முழங்கால் மடங்கிவிட்டது. பெருமாள் வலது பக்கமாகச் சாய்ந்தார். குடை பிடித்தவர் கத்தினார். பத்துக் கைகள் ஓடிவந்து தாங்கின. சாமிக்கு ஒன்றும் ஆகவில்லை.

மாமனார் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மத்தியானம் இலையில் உட்கார்ந்தபோது, "சாப்புடுங்க மாப்ள" என்றார். அவ்வளவுதான். இப்போது வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர, அன்றைக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

பேசவேண்டியதையெல்லாம் என் சகலை சம்பத் பேசினான். கமலாவின் தங்கை புருஷன். கூடுவாஞ்சேரியில் வீடு, மெட்ராஸில் ஃபாக்டரி வேலை, ஆறடி உயரம். தினம் ரயிலில் தொங்கிக்கொண்டே போய் வருவதால் கையெல்லாம் உருண்டை உருண்டையாக இருக்கும்.

"இன்னா சகல, பெருமாளுக்கே இடுப்பு புடிச்சிருக்குமே!"

பந்தியே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மாமனாரிடம் விண்ணப்பமும் போட்டுவிட்டான். "அடுத்த வருசம் அந்த எடத்த எனக்குக் குடுத்துடுங்க மாமா."

மாமனார், "பாக்கலாம்" என்றார். அந்த வீட்டில் 'பாக்கலாம்' என்றால் 'சரி' என்று அர்த்தம். பெண் பார்க்கப் போனபோது எனக்கும் அதைத்தான் சொன்னார்.

இந்த மாசி மகத்துக்குள் என் தோள் தேறவேண்டும். இல்லாவிட்டால் மூத்த மாப்பிள்ளை ஆயுசுக்கும் பிரசாதக் கூடைதான் தூக்கவேண்டும்.

கார்த்திகை முதல் தேதி, சைக்கிள் கடைக்குப் பின்னால் இருந்த தேகப்பயிற்சி நிலையத்துக்குப் போனேன். பெயர்தான் பெரிது. கீற்றுக் கொட்டகை, தரைக்குக் கடற்கரை மணல், சுவரில் விரிசல் விட்ட பீரோ கண்ணாடி. பயிற்சி கொடுக்கும் வஸ்தாத் ஏழுமலை, கட்டட வேலையில் வெல்டர். என்னைவிடப் பத்து வயது சின்னவன்.

"அண்ணாத்த, இதுக்கு முன்ன இன்னா தூக்கிகீறீங்க?"

"ஒண்ணுமில்லப்பா... பேப்பர் வெயிட்டு."

அவன் சிரிக்கவில்லை. பாவம், அது ஒரு வகை உபகரணம் என்று நினைத்துவிட்டான்.

எடைகளெல்லாம் அவன் சொந்தத் தயாரிப்பு. காலியான ஆயில் டப்பாவில் காங்கிரீட் ஊற்றி, நடுவே இரும்புக் குழாயைச் செருகி, குழாயின் இன்னொரு முனையில் இன்னொரு டப்பா. ஐந்து லிட்டர் டப்பா ஒரு ஜோடி, பத்து லிட்டர் டப்பா ஒரு ஜோடி.

"பத்து லிட்டர் தண்ணி பத்து கிலோவா? அப்ப இந்த டப்பாவும் பத்து கிலோ. கணக்கு கரெக்டா கீதா?" என்றான்.

பக்கத்தில் பஸ்கி எடுத்துக்கொண்டிருந்தவர் தலையாட்டினார். அவர் கல்பாக்கத்தில் வேலை பார்ப்பவர். பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. அவரே தலையாட்டினால் நான் யார் மறுப்பதற்கு?

ஐந்து லிட்டர் ஜோடியில் ஆரம்பித்தேன். மொத்தம் பத்து கிலோ என்றார்கள். குனிந்தேன். பிடித்தேன். முழங்கால் வரை வந்தது... அங்கேயே நின்றுவிட்டது.

பத்து கிலோ! வீட்டில் என் பையன் அந்த எடை இருப்பான். அவனைத் தினம் தூக்கிக்கொண்டு காக்காய் காட்டுகிறேன். இது ஏன் வரமாட்டேன் என்கிறது?

"மூச்ச உடாதீங்க அண்ணாத்த. பேஜாரு பண்ணாதீங்க. பத்து கிலோக்கு இன்னாத்துக்கு இப்டி வேர்க்குது உங்களுக்கு?"

எனக்கும் அதுதான் தெரியவில்லை. மறுநாள் தலை வாரக் கை எழும்பவில்லை. கமலா வாரிவிட்டாள். சட்டைக்குப் பொத்தானும் அவளே போட்டாள். "இன்னாங்க, நல்லாத்தானே இருந்தீங்க?" என்றாள். ஆபீஸ் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியாமல், கைகட்டி நின்று ஒவ்வொரு வளைவிலும் யார் மடியிலாவது உட்கார்ந்தேன்.

ஊறவைத்த கொண்டைக்கடலை சாப்பிட்டேன். பச்சை முட்டை குடித்தேன். கண்ணாடி முன்னால் நின்றால் ஒரு தோள் பெருத்துத் தெரியும்; நகர்ந்து நின்றால் இன்னொன்று பெருக்கும். அது விரிசலின் உபயம் என்று புரிய ஒரு மாதம் ஆனது.

தை மாதக் கடைசியில் ஐந்து லிட்டர் ஜோடியைத் தலைக்கு மேல் எட்டு முறை தூக்கினேன். பத்து லிட்டர் ஜோடியைத் தோள் வரைக்கும் ஒரே ஒரு முறை. அதாவது மூன்று மாதத்தில் என் சாதனை இருபது கிலோ. சின்ன அரிசி மூட்டை! பெருமாள் இருபது கிலோவில் அடங்குவாரா? தோற்றுவிட்டேன் என்று தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாமனாரிடம் போய், "சம்பத்தே தூக்கட்டும்" என்று சொல்லிவிடுவதாக இருந்தேன். 

சனிக்கிழமை ஐந்து லிட்டர் ஜோடியின் குழாய் வளைந்துபோய்விட்டது. மாற்றுக் குழாய் தேட, டப்பாக்களோடு சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வஸ்தாதும் நானும் காயலான் கடைக்குப் போனோம். கடைக்காரர் பழக்க தோஷத்தில் அதைத் தூக்கித் தராசில் வைத்துவிட்டார்.

"முப்பது கிலோ."

"யோவ், பத்து கிலோய்யா அது! உன் தராசு டுபாக்கூரு" என்றான் வஸ்தாத்.

"நான் பழைய இரும்ப வாங்கற ஆளுப்பா. என் தராசு கொறச்சித்தான் காட்டும். ஜாஸ்தி எதுக்குக் காட்டப் போவுது?"

இந்த வாதத்துக்கு மேல் வாதம் உண்டா? மறுபடியும் கொட்டகைக்கு ஓடிப்போய் பத்து லிட்டர் ஜோடியையும் தள்ளிக்கொண்டு வந்தோம். ஐம்பத்து நான்கு!

எம்.எஸ்ஸியிடம் சொன்னேன். "காங்கிரீட் தண்ணியைவிட ரெண்டரை மடங்கு கனம் சார்... தோணாமப் போச்சு" என்றார். அணுவைப் பிளக்கிற ஊரில் ஒரு டப்பாவை நிறுத்துப் பார்க்க ஆளில்லை.

வஸ்தாத் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணாத்த, வெளிய சொல்லிடாதீங்க. இது முப்பது கிலோன்னு தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தன் தொடமாட்டான்."

நியாயம்தானே? முப்பது என்று முதல் நாளே தெரிந்திருந்தால் நானே தொட்டிருப்பேனா? யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். அன்று வீட்டுக்குப் போன நடையே வேறு. கமலா கேட்டாள், "கால்ல இன்னா, முள்ளா?"

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போகவில்லை.

மாசி மகம் வந்தது. சின்ன மாமனார் தன் தோளைச் சம்பத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். மாமனார் எங்கள் இருவரையும் பார்த்து, "இந்த வருசம் ரெண்டு பேரும் நில்லுங்க. அடுத்த வருசத்துக்கு யாருன்னு அப்பால பாக்கலாம்" என்றார். பரீட்சை எனக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆள் நிறுத்துகிறவர் தயங்கினார். "ஒயரம் ஒத்துக்கலியே. ஜோடி பாத்துத்தான நிறுத்தணும்?"

"நான் தாங்கிக்கிறேன், உடுங்க" என்றான் சம்பத்.

அவன் முன்னால், நான் பின்னால். "கோவிந்தா!" என்று குரல் எழும்பியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, கனம் இறங்கக் காத்திருந்தேன்.

இறங்கவில்லை.

கண்ணைத் திறந்தேன். என் தோளுக்கும் தண்டுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி! ஆறடி ஆசாமி முன்னால் நின்றால், ஐந்தடி இரண்டங்குலத்துக்கு எங்கிருந்து கனம் வரும்? என் பங்கும் சேர்ந்து சம்பத்தின் தோளில் உட்கார்ந்திருந்தது. நான் பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல் தண்டைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

"பெரிய மாப்ளய பாரு, இன்னா அலட்சியமா போறாரு!" என்றாள் ஓர் அத்தை.

சத்தியமாகச் சொல்கிறேன் - சந்தோஷமாக இருந்தது. மூன்று மாதம் முதுகொடிந்தவனுக்கு இந்தச் சலுகைகூடக் கூடாதா?

பொதபொத மணல் வந்தது. சம்பத்தின் கழுத்து நரம்பு கயிறு போலப் புடைத்திருந்தது. முழங்கால் லேசாக ஆடியது. அந்த ஆட்டம் எனக்குத் தெரியும். போன வருஷம் அது என்னுடையது. திரும்பாமலே, அடிக்குரலில் கேட்டான்.

"சகல... கீறியா?"

அவன் விழுந்தால் அந்த இடம் என்றைக்கும் எனக்குத்தான். ஒரு நிமிஷம் அப்படியும் நினைத்தேன். மறைப்பானேன்? ஆனால் அந்தக் குரலில் போன வருஷத்துச் சிரிப்பு துளிகூட இல்லை. எதிரே மாமனார் கைகூப்பியபடி பின்பக்கமாகவே நடந்துகொண்டிருந்தார். அவர் கண் சம்பத்தின் முழங்காலிலேயே இருந்தது.

"கீறேன்" என்றேன்.

இடுப்பில் கட்டியிருந்த துண்டை உருவினேன். ஒரு கையாலும் பல்லாலும் அதை நாலாய், எட்டாய் மடித்து, இடைவெளியில் திணித்தேன். வந்து இறங்கியது பாருங்கள் கனம்... பத்து லிட்டர் டப்பா இரண்டும், வஸ்தாதும் சேர்ந்து மேலே ஏறினதுபோல! மூச்சை விடவில்லை. முழங்கால் மடங்கவில்லை. சம்பத்தின் தலை கொஞ்சம் நிமிர்ந்தது. அலை காலைத் தொடும்வரை அப்படியே நடந்தோம்.

பெருமாள் சௌக்கியமாகக் கடலாடினார். ஊர் சம்பத்தைப் புகழ்ந்தது. உயரமானவன் தாங்கினதால்தான் இந்த வருஷம் சாமி சாயவில்லையாம். அவன் மணலில் மல்லாந்து கிடந்தான். நான் மோர் குடித்துக்கொண்டிருந்தேன்.

மாமனார் வந்து என் பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்தார். பிரித்தார். எட்டு மடிப்பிலும் தண்டின் எண்ணெய்க் கறை இறங்கியிருந்தது. முப்பது வருஷம் தூக்கினவருக்கு அதைப் படிக்கத் தெரியாதா? அதே மடிப்பில் மடித்து, என் தோளில் போட்டு, ஒரு தட்டுத் தட்டினார். நான் "ஐயோ அம்மா" என்றேன்.

"அடுத்த வருசமும் இதே ஜோடிதான். துண்டு மட்டும் இன்னும் கெட்டியா எடுத்தாங்க மாப்ள."

ஒரு வருஷமாக அவர் வாயிலிருந்து நான்கு வார்த்தைக்காகக் காத்திருந்தவன் நான். தோள் வலி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் சம்பத் வந்து இறங்கினான், நேரே கொட்டகைக்கு.

"சகல, நீ எவ்ளோ தூக்கற?"

"இருபது கிலோ."

"அவ்ளோதானா!" என்று சட்டையைக் கழற்றினான். பத்து லிட்டர் ஜோடிக்கு முன்னால் குனிந்தான். அது முழங்கால் வரை வந்தது... அங்கேயே நின்றுவிட்டது. முகம் சிவந்து என்னைப் பார்த்தான்.

"இன்னா சகல... வெறும் இருபது கிலோவா இது?"

வஸ்தாத் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். கொடுத்த வாக்கு இருக்கிறதே!

"மூச்ச உடாத சகல. இருபது கிலோக்கு இன்னாத்துக்கு இப்டி வேர்க்குது உனக்கு?"