கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்த நாள்

ஒச்சம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அவள் மேல் இல்லை, அவளைச் சுற்றி இருந்தவர்கள் மேல்.

அந்தமானில், கராச்சர்மாவில் என் தையல் கடைக்கு அடுத்த கதவு அவளுடையது. சுனாமிக்கு அடுத்த வருஷம் கடை போட்டாள். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, டிவிடியாகப் போட்டுத் தருவாள். உசிலம்பட்டிப் பக்கமிருந்து ரோடு வேலைக்கு வந்த குடும்பம். இவள் பிறந்தது, படித்தது எல்லாம் இங்கேதான். புருஷன் பாலகுமாருக்கு ஜங்கிலிகாட் படகுத்துறையில் சொந்தமாக ஒரு மோட்டார் படகு. மீன் பிடிக்கப் போவார். குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார், நல்ல மனுஷர் என்று ஊரே சொல்லும். ஒரு பெண்ணின் புருஷன் நல்லவர் என்று பெயர் வாங்க இவ்வளவு போதும் நம் ஊரில்.

ஆயுத பூஜை வந்தால் அவர் வீட்டு வாசலில் எல்லாச் சாமானும் வரிசை கட்டும். இஞ்சின், ஸ்பானர், வலை, துருப்பிடித்த ஸ்குரூ டிரைவர், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். முதல் வருஷம் ஒச்சம்மா கேட்டாள்: "ஏங்க, நம்ம கம்ப்யூட்டருக்கும் ஒரு பொட்டு வச்சிருங்க."

"தொழில் சாமானுக்குத்தான் பூசை. அது டிவி மாதிரில்ல?" என்றார்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அந்த டிவி மாதிரியானதுதான் கடல் கொந்தளிக்கிற மாதங்களில் அந்த வீட்டில் உலை வைத்தது.

கம்ப்யூட்டருக்கு ஒரே வியாதி, சூடு. உள்ளே இருந்த காற்றாடியை உப்புக் காற்று அரித்துவிடும். படத்தைக் கோர்க்கிற வேலை மணிக்கணக்கில் ஓடும். பாதியில் கொதித்துப் போய் அணைந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. ஏசி போடலாம் என்றால் கரண்டு அடிக்கடி போகும், இன்வெர்ட்டர் அதைத் தாங்காது. மெயின்லேண்டில் ஒரு கடைக்கு போன் போட்டு, தண்ணீரால் குளிர வைக்கிற சாமான் இருக்கிறதாமே என்று கேட்டாள். இருக்கிறது, ஆனால் உள்ளே தண்ணீர் இருப்பதால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், அந்தமானுக்கு அனுப்பிப் பழக்கமில்லை என்றான். கடைசியில், "மேடம், அங்க கம்ப்யூட்டர்லாம் இருக்கா?" என்றும் கேட்டான். நான் அந்தப் போனைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்டேன். ஒச்சம்மாவோ பல்லைக் கடித்துக்கொண்டு, அதைத் தானே செய்வது எப்படி என்று இணையத்தில் படிக்க ஆரம்பித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் பாலகுமார் என் கண் முன்னால் சொன்னார்: "மூணு கல்யாணக்காரய்ங்க வந்து சத்தம் போட்டுட்டுப் போய்ட்டாய்ங்க. இந்த சீசன்லயும் ஒருவாட்டி நின்னுச்சுன்னா கடைய மூடிட்டு வீட்ல இரு."

சத்தம் போட்டுச் சொன்னால்கூடப் பரவாயில்லை. சோறு போடச் சொல்வது மாதிரி சொன்னார்.

அவள் சாமான் சேர்த்த கதையைக் கேளுங்கள். உடைத்துப் போட்ட ஒரு மாருதி வேனிலிருந்து ஹீட்டரின் சின்ன ரேடியேட்டரைக் கழற்றி வந்தாள். இந்த வெயிலில் எவன் காரில் ஹீட்டர் போட்டான்? புதுசு போல இருந்தது. மேஸ்திரிகள் மட்டம் பார்க்கிற பிளாஸ்டிக் குழாய் வாங்கினாள். மீன் தொட்டிக் கடையில் பம்பு. ஊறுகாய் டப்பாதான் தண்ணீர்த் தொட்டி. கம்ப்யூட்டரின் மூளைச் சில்லு மேல் உட்காருகிற செம்புக் கட்டிக்கு பக்கத்து டாலிகஞ்சில் ஒரு லேத் பட்டறைக்குப் போனோம். உள்ளே தண்ணீர் ஓட மெல்லிய வாய்க்கால்கள் வெட்டவேண்டும்.

"தீதி, யே காடி கா ஹை க்யா?" என்றான் பட்டறைக்காரன், வண்டிச் சாமானா என்று.

"காடி கா நஹி, கம்ப்யூட்டர் கா" என்றாள். அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் வெட்டிக் கொடுத்தான்.

குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படியும் என்று பெட்ரோல் பங்கில் பேட்டரித் தண்ணீர் வாங்கி ஊற்றினாள். முதலில் கம்ப்யூட்டரைப் போடாமல் பம்பை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டிலும் என் கடைத் துணித் துண்டைச் சுற்றி, ஈரம் தட்டுகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ரெண்டு இடத்தில் கசிந்தது. இறுக்கினாள். அதற்கப்புறம் அந்தக் கம்ப்யூட்டர் மழைக்காலம் முழுக்க ஒரு தடவைகூட அணையவில்லை. நான் அவளுக்கு ஒரு ஜாக்கெட் சும்மா தைத்துக் கொடுத்தேன். என்னவோ நானே செய்தது மாதிரி அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, கடையைத் திறந்த ஒச்சம்மா என்னைக் கூப்பிட்டாள். "ராணிக்கா, இங்க வாங்களேன்."

போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டர் பெட்டி மேல் பெரிய சாமந்தி மாலை. நெற்றியில் சந்தனம், குங்குமம். முந்தின நாள் பாலகுமார் சாவியை எடுத்து வந்து தானாகவே செய்திருக்கிறார்.

"நான் கேக்கவே இல்லக்கா" என்றாள். கண் கலங்கியிருந்தது. ஆறு வருஷம் காத்திருந்தது ஒரு பொட்டுக்காக.

மாலையை எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அப்படியே விட்டு கம்ப்யூட்டரைப் போட்டாள். பேம்பூஃபிளாட் ஊரில் நடந்த ஒரு கல்யாண வீடியோ வேலை ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை அந்த வாரக் கப்பலில் கிளம்புகிறார், அதற்குள் டிவிடி கொடுக்கவேண்டும். கொஞ்ச நேரத்தில் கருகிய வாடை. கம்ப்யூட்டர் அணைந்தது. ஓடிப்போய் மாலையைத் தூக்கினால், பின்னால் ஊறுகாய் டப்பாவில் மஞ்சள் சேறு. அதில் துளசி இலை மிதந்தது. பம்பு எரிந்திருந்தது.

போன் போட்டதும் பாலகுமார் வந்தார். "தண்ணி இருந்துச்சு. கும்பம் மாதிரி இருந்துச்சு. மஞ்சள், சந்தனம் போடாம எப்படிப் பூசை பண்றது?" என்றார். பொய் சொல்லவில்லை. நிஜமாகவே பக்தியோடு கலக்கியிருக்கிறார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"சாமி காரியத்துக்குப் போய் கேப்பாங்களா?"

"ஆறு வருசமா நீங்க கும்பிடல. இந்த மழை பூரா நிக்காம ஓடுச்சு."

மனுஷன் அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. மீன் தொட்டிக் கடையில் பம்பு இல்லை, அடுத்த கப்பலில்தான் வரும் என்று தெரிந்ததும், "சரி விடு. நின்னு போச்சுல்ல. நான் சொன்ன மாதிரி மூடிரு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையில் இருந்த கத்தரிக்கோலை மேசை மேல் வைத்துவிட்டேன். கையில் வைத்திருப்பது நல்லதாகப் படவில்லை.

ஒச்சம்மா செம்புக் கட்டியைக் கழற்றி, புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, வாய்க்கால் வாய்க்காலாக ஊசியால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தாள். பேட்டரித் தண்ணீரில் அலசிக் காயவைத்தாள். பிறகு ஸ்கூட்டியை எடுத்தாள். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். பாலகுமார் தன் வண்டியில் எங்களைத் துரத்திக்கொண்டு வந்தார்.

ஜங்கிலிகாட்டில் நேராக அவர் படகில் இறங்கினாள். படகுக்குள் சேருகிற கடல் தண்ணீரை வெளியே இறைக்க அடியில் ஒரு சின்ன பேட்டரி பம்பு உண்டு. கம்ப்யூட்டருக்குள் வருகிற அதே பன்னிரண்டு வோல்ட்டில் ஓடுவது. அதைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"ஏய், அது படகோட பம்பு!"

"தெரியும்."

"நாளைக்கு நான் கடலுக்குப் போகணும். அது இல்லாம படகு நின்னு போகும்டி!"

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒச்சம்மா கடைசித் திருகைக் கழற்றி, பம்பை முந்தானையில் துடைத்தாள்.

"நின்னா மூடிட்டு வீட்ல இருங்க" என்றாள்.

பம்பு ஊறுகாய் டப்பாவுக்குள் நுழையவில்லை. ஒரு பக்கெட்டில் போட்டாள். குழாய்க்குள் குழாய் சொருகி, கிளிப் போட்டு இறுக்கினாள். லாரி மாதிரி உறுமியது, ஆனால் கம்ப்யூட்டர் சில்லென்று ஓடியது. மாப்பிள்ளை டிவிடியோடுதான் கப்பலேறினார்.

கப்பலில் புதுப் பம்புகள் வந்தன. ஒச்சம்மா வாங்கவில்லை. அந்த சீசன் முடிகிறவரைக்கும் பாலகுமார் கடலில் வாளியால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.