தகரத் தட்டு ஆறும் தீப்பெட்டி வீடும்

ஆற்றைத் தகரத் தட்டில் வைத்துப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் காட்டும் தொழிலில் தண்ணீருக்குப் பஞ்சம் வரலாம், வெட்கத்துக்கு வராது. நாலு பேர் முன்னால் ஒரு பொருளை இயக்கிக் காட்டிப் பிழைப்பவர், மிக்ஸி விற்பவரோ மைக் செட்காரரோ, யாராக இருந்தாலும் என் கஷ்டம் உங்களுக்குத் தெரியும்.

தட்டு என் கையால் அடித்தது. ஆறடி நீளம், இரண்டடி அகலம். ஈர மணலை நிரப்பி, ஒரு பக்கத்தைச் செங்கல் வைத்து உயர்த்தி, டியூப் வழியாக மெல்லிசாகத் தண்ணீர் விடுவேன். தண்ணீர் வளைந்து வளைந்து வழி அறுத்துக்கொள்ளும். வளைவின் வெளிக்கரையைத் தின்னும், உள்கரையில் மண்ணைப் போடும். கடைசியில் கடலுக்குப் பதிலாக ஒரு பள்ளம். அங்கே போனதும் வேகம் குறைந்து, சுமந்து வந்த மண்ணை விசிறி மாதிரி பரப்பிவிடும். அதுதான் டெல்டா. இதையெல்லாம் மைக்கில் விளக்குபவர் எங்கள் அறிவியல் வண்டியின் பொறுப்பாளர் மேடம். எட்டாம் வகுப்போடு நின்ற நான் தண்ணீரை மட்டும் பார்த்துக்கொள்வேன். கூட்டத்தில் எனக்குப் பேச்சு வராது.

இந்த வருடம் மேடம் ஒன்று சொன்னார். டெலஸ்கோப் ஏற்ற வண்டியில் இடம் வேண்டும். பிள்ளைகள் எதற்குக் கை தட்டவில்லையோ அதை இறக்கிவிடுவோம். தட்டு இறங்கினால் நானும் இறங்க வேண்டியதுதான்.

கடலூரில் முதல் காட்சி

சீக்கிரம் ஓடிக் காட்டட்டும் என்ற ஆசையில் கடலூர்ப் பள்ளியில் ஒரு செங்கல்லுக்கு இரண்டாக வைத்துவிட்டேன். சரிவு அதிகமானதும் தண்ணீர் வளையவே இல்லை. ஒரே கோடாக மணலை அறுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் விழுந்தது. மேடம் மைக்கில் "இப்போது ஆறு வளைகிறது பாருங்கள்" என்று சொல்லிவிட்டார். நான் குனிந்து டியூபைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முன் வரிசையில் ஒரு சிறுமி எழுந்து நின்று சொன்னாள்: "மிஸ், இது ஆறு இல்ல மிஸ், எங்க தெரு கால்வா."

அன்று யாரும் கை தட்டவில்லை. திரும்பும் வழியில் எங்கள் டிரைவர், என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான், ஒரு யோசனை சொன்னான். வெளிக்கரை ஓரமாகத் தீப்பெட்டியில் ஒரு வீடு செய்து வைக்க வேண்டும். கரை சரியும்போது வீடும் விழும். "எவன் மாமா மண்ணுக்குக் கை தட்டுவான்? வூடு வுழுந்தா தட்டுவான்!"

மணல் வண்டி

ஒரு செங்கல்லுக்கு இறங்கினேன். கரை கொஞ்சம் நிற்கட்டும் என்று நாலு பங்கு மணலுக்கு ஒரு பங்கு வயல் வண்டல் கலந்தேன். புது மணல் அரை மூட்டை வண்டியில் இருந்தது. சிதம்பரம் போகும் வழியில் வண்டியை நிறுத்திச் சோதனை போட்டார்கள். மணல் என்றதும் போலீஸ்காரர் என்னை இறங்கச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் ஆறு காட்ட என்று சொல்ல வேண்டியதுதானே? "ஆறு… ஆறு…" என்றே நின்றேன். பஸ்ஸில் போனவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

மேடம் இறங்கி வந்து பள்ளிகளுக்கான அனுமதிக் கடிதத்தைக் காட்டித் தட்டையும் காட்டினார். போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே மூட்டையை என் கையில் கொடுத்தார். "ஆத்துல மணல் இல்லாமப் போனதுக்கு நீதான் காரணமோன்னு பாத்தேன் பெரியவரே."

சிதம்பரத்தில் டெல்டா

சிதம்பரம் பள்ளியில் தப்பு வரக்கூடாது என்று விடியும் முன்பே போய்த் தண்ணீர் விட ஆரம்பித்தேன். டெல்டா நிதானமாகத்தான் வளரும். அவசரப்பட்டால் ஒரே சேறாகிவிடும். மணி அடிப்பதற்குள் ஒரு கை அகலத்துக்கு, மூன்று கிளையோடு அழகாக வந்திருந்தது. டிரைவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனே அசந்து போனான். அந்தச் சந்தோஷத்தில் டீ குடிக்கப் போனோம்.

திரும்பி வந்தால் பள்ளம் பளபளவென்று இருக்கிறது. ஒரு துளி மண் இல்லை. கூட்டிப் பெருக்கும் அம்மா ஈர விளக்குமாற்றோடு பக்கத்தில் நிற்கிறார். பிள்ளைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். அன்று தீப்பெட்டி வீடு விழுந்ததால் மானம் தப்பியது. கூரை அதிரக் கை தட்டினார்கள். ஆனால் டெல்டா எங்கே என்று மேடம் தேடியபோது அந்த அம்மா பெருமையாகச் சொன்னார்: "இம்மாம் சேறு சேந்து கெடந்துச்சு மேடம். பெரியவங்க வர்ற எடமாச்சேன்னு நான்தான் வழிச்சி வுட்டேன்."

குமராட்சிப் பக்கம்

அடுத்தது குமராட்சிப் பக்கம், கொள்ளிடக் கரையோரப் பள்ளி. அன்று எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆறு வளைந்தது. கரை கீழே அரித்து மேலே வெடித்தது. தீப்பெட்டி வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீரில் விழுந்து மிதந்து போனது. ஒரு பிள்ளையும் கை தட்டவில்லை. சரியாகத் தெரியவில்லை போல என்று டிரைவர் பின்னாலிருந்து இரண்டு தட்டு தட்டினான். மூன்றாவதற்குக் கை எழவில்லை.

சத்துணவு சமைக்கும் அம்மா கரண்டியோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கோபமில்லாமல்தான் பேசினார். "எங்க வூடும் இப்டித்தான் போச்சு ஐயா. அப்ப யாரும் கை தட்டல."

மறுபடியும் ஒரு தபா

தட்டைத் தூக்கி வண்டியில் போட்டுவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது. மேடம் மைக்கை அணைத்துவிட்டார். அந்த அம்மா கரண்டியை வைத்துவிட்டுத் தட்டின் பக்கத்தில் வந்து குந்தினார். மிதந்த தீப்பெட்டியை எடுத்துப் புடவையில் துடைத்துப் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்தார். "மூட்ட அடுக்குனா நிக்குமான்னு பாப்பம். இன்னொரு தபா வுடுங்க." பிள்ளைகள் முற்றத்துக்கு ஓடிப்போய்க் கூழாங்கல் பொறுக்கி வந்தார்கள். மூன்று வருடம் முன்பு வெள்ளத்தில் ஊரே மணல் மூட்டை போட்டதாம், அது மாதிரியே வெளிக்கரையில் அடுக்கினார்கள். அதை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

தண்ணீர் விட்டேன். வீடு நின்றது. இந்தத் தடவை பிள்ளைகள் கத்திக்கொண்டே தட்டினார்கள். ஆனால் கல்லில் மோதிய தண்ணீர் அங்கிருந்து திரும்பி, கொஞ்சம் கீழே எதிர்க்கரையைத் தின்ன ஆரம்பித்தது. அப்பளம் உடைவதுபோல் கரை விழுந்தது. ஏன் என்று அந்த அம்மா என்னைத்தான் கேட்டார். மைக் இல்லை, மேடமும் என்னையே பார்த்தார். "இங்க அடைச்சிட்டோம் இல்லீங்களா, தண்ணி திரும்பி அந்தாண்ட கரையப் பிடிக்குது" என்றேன். ஒரு பள்ளியில் நான் பேசிய முதல் வாக்கியம் அது.

அவர் சரிந்த கரையையே பார்த்தார். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பிள்ளைகள் என்ன என்ன என்று மொய்த்ததும் சொன்னார்: "அடி ஆத்தி! அதான் எதிர்க்கரையில கீழ இருக்கற ஊருக்காரவுங்க மூணு வருசமா நம்மளத் திருவிழாவுக்குக் கூப்புடலையா!"

இறங்கியதும் இறங்காததும்

அன்று வண்டியில் சிதம்பரம் தாண்டியதும் மேடம் திரும்பிப் பார்த்தார். "தட்டு இருக்கட்டும். டெலஸ்கோப்புக்கு வேற எடம் பாப்போம். வீடு விழ வேண்டாம், கூழாங்கல் வச்சே காட்டுங்க. ஆனா இனிமே ஆத்தப் பத்தி நீங்கதான் பேசணும்." நான் கும்பிட்டுக்கூடப் பார்த்தேன், அவர் கேட்கவில்லை. டிரைவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். "மைக்கப் புடிச்சிக்கிட்டு 'ஆறு… ஆறு…'ன்னு நிக்காத மாமா, போலீசுக்காரன் வந்துருவான்."

வேலை போகும் வெட்கத்தை ஒரு கரையில் அடைத்துவிட்டேன். இப்போது அது எதிர்க்கரையில், மைக் பக்கமாகத் தின்றுகொண்டிருக்கிறது.